கொல்லப்பட்டவர்களின் பெயர்களை எழுதி வைத்தவர்: ஐடா பி. வெல்ஸ்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரம் மாண்ட்கோமரி. அந்நகரைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மேட்டு நிலத்தில், சுமார் 6 ஏக்கர் பரப்பில் ஒரு நினைவிடம் அமைந்துள்ளது. 2018 ஏப்ரல் 26 அன்று அது மக்களுக்குத் திறந்து விடப்பட்டது. பெரியதொரு கூரையின் கீழ், துருவின் நிறத்தில் 800-க்கும் மேற்பட்ட எஃகுப் பாளங்கள் தொங்குகின்றன. ஒவ்வொரு பாளமும் ஒரு கவுண்டிக்கு, அதாவது நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டத்துக்கு உரியது. அந்த மாவட்டத்தில் வெறிபிடித்த கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்களும் அவர்கள் கொல்லப்பட்ட நாட்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் தெரியாதவர்களுக்கு, பெயர் தெரியவில்லை என்றே பொறித்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைபவரின் கண்ணுக்கு நேராக நிற்கும் பாளங்கள், நடக்க நடக்கத் தரை தாழ்ந்துகொண்டே போவதால், மெல்ல மெல்லத் தலைக்கு மேலே போய்விடுகின்றன. மரத்தில் தொங்கவிடப்பட்ட உடல்களை ஊர் கூடி நின்று அண்ணாந்து பார்த்தது போல, வந்தவரும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 1877 முதல் 1950 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்களில் 4,400-க்கும் மேற்பட்டோர் அங்கே நினைவுகூரப்படுகிறார்கள். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் நிறுவிய சம நீதிக்கான அமைப்பு ஒன்று பல ஆண்டுகள் ஆவணங்களைத் தேடித் திரட்டி இதை எழுப்பியது.

அந்த நினைவிடத்தில் ஒரு பெண்மணியின் பெயரில் அமைதியாக அமர்ந்து சிந்திப்பதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அவர் பெயர் ஐடா பி. வெல்ஸ். கொலையுண்டவர்களின் பெயர்களைச் சேகரிப்பதே ஆபத்தாக இருந்த காலத்தில் அந்த வேலையைத் தொடங்கியவர் அவர். அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வதும், நம் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அவசியம் என்று கருதுகிறோம்.

அடிமையாகப் பிறந்த குழந்தை

மிசிசிப்பி மாநிலத்தின் ஹோலி ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் 1862 ஜூலை 16 அன்று ஐடா பிறந்தார். தந்தை ஜேம்ஸ் தச்சர். தாய் எலிசபெத் சமையல் வேலை செய்பவர். இருவரும் அடிமைகள். ஆகவே குழந்தையும் அடிமை. உள்நாட்டுப் போர் முடிந்தபோது ஐடாவுக்கு மூன்று வயது கூட நிறைந்திருக்கவில்லை.

விடுதலை பெற்ற பெற்றோர் முதலில் கவனம் செலுத்தியது பிள்ளைகளின் படிப்பில்தான். விடுதலை பெற்றவர்களுக்காக ஊரில் தொடங்கப்பட்ட கல்விக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் தந்தை இடம்பெற்றார். எழுத்தறிவு இல்லாத தாய், தம் பிள்ளைகளோடு தாமும் பள்ளிக்குச் சென்று படிக்கக் கற்றுக்கொண்டார்.

1878-ல் மஞ்சள் காய்ச்சல் அந்த ஊரைத் தாக்கியது. தாய், தந்தை, கைக்குழந்தையான தம்பி ஆகிய மூவரையும் ஐடா இழந்தார். அப்போது அவருக்கு வயது 16. எஞ்சிய தம்பி தங்கைகளை ஆளுக்கொரு வீட்டில் ஒப்படைத்துவிடலாம் என்று தந்தையின் நண்பர்கள் கூடிப் பேசினார்கள். ஐடா அதற்குச் சம்மதிக்கவில்லை. குடும்பம் பிரியக் கூடாது, தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆசிரியர் தேர்வு எழுதி, ஆறு மைல் தொலைவில் இருந்த கிராமப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். வாரக் கடைசியில் கோவேறு கழுதை மீது ஏறி வீட்டுக்கு வருவார். துணி துவைத்து, சமைத்து வைத்துவிட்டு மீண்டும் பள்ளிக்குப் போவார். வாரநாட்களில் பிள்ளைகளைப் பாட்டி கவனித்துக்கொண்டார்.

ரயில் பெட்டியில் தொடங்கிய வழக்கு

பின்னர் ஐடா டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஆசிரியையாக இருந்தபோது, பெண்களுக்கான ரயில் பெட்டியில் உரிய பயணச்சீட்டுடன் அமர்ந்திருந்த அவரை, புகைபிடிப்பவர்கள் அமரும் பெட்டிக்குப் போகுமாறு நடத்துநர் கட்டளையிட்டார். அவர் எழ மறுத்தார். நடத்துநர் கையைப் பிடித்து இழுத்தபோது அந்தக் கையைக் கடித்துவிட்டார். கடைசியில் மூன்று பேர் சேர்ந்து அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். பெட்டியில் இருந்த வெள்ளையர்கள் கை தட்டினார்கள்.

ஐடா ரயில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1884-ல் கீழ் நீதிமன்றம் 500 டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 1887-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வழக்குச் செலவையும் ஐடாவே கட்ட வேண்டும் என்றது. சட்டத்தின் கதவு தம் சமூகத்துக்கு அடைபடுவதை 24 வயதில் அவர் நேரில் கண்டார். அந்த அனுபவத்தைப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். 1889-ல் மெம்பிஸின் ஃப்ரீ ஸ்பீச் பத்திரிகையில் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமான நிலையில் இருக்கின்றன என்று அதில் எழுதியதற்காக 1891-ல் ஆசிரியர் வேலை பறிபோனது. அதன்பின் பத்திரிகையே அவருடைய முழுநேரப் பணியாயிற்று.

மளிகைக் கடையும் மூன்று நண்பர்களும்

மெம்பிஸ் நகரின் ஓரத்தில், டிராம் வண்டி வளைந்து திரும்பும் இடத்தில், கறுப்பினத்தவர் சிலர் கூட்டாக ஒரு மளிகைக் கடை நடத்தி வந்தார்கள். பீப்பிள்ஸ் குரோசரி என்பது அதன் பெயர். அதன் தலைவர் தாமஸ் மோஸ். பகலில் தபால்காரர் வேலை, இரவில் கடைக் கணக்கு என்று உழைத்தவர். ஐடாவின் நெருங்கிய நண்பர். மோஸின் மகளுக்கு ஞானத்தாயாக இருந்தவர் ஐடா.

அதே வட்டாரத்தில் ஒரு வெள்ளையரின் மளிகைக் கடை ஏற்கெனவே இருந்தது. புதிய கடை வந்த பிறகு அவருக்கு வியாபாரம் குறைந்தது. 1892 மார்ச் மாதத் தொடக்கத்தில் கோலி விளையாடிய சிறுவர்களிடையே மூண்ட சண்டை, பெரியவர்களின் சண்டையாக வளர்ந்தது. கடையைத் தாக்கக் கூட்டம் வரப் போகிறது என்ற செய்தி பரவியதால், கடைக்காரர்கள் காவலுக்கு ஆள் வைத்தார்கள். சனிக்கிழமை இரவு ஆயுதங்களோடு சிலர் கடையின் பின்பக்கமாக வந்தார்கள். காவலுக்கு இருந்தவர்கள் சுட்டார்கள். வந்தவர்களில் மூவர் காயமடைந்தனர். அவர்கள் சீருடை அணியாத காவலர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏராளமான கறுப்பின ஆண்கள் கைது செய்யப்பட்டார்கள்.

காயமடைந்த மூவரும் பிழைத்துக்கொள்வார்கள் என்பது உறுதியான பிறகு, மார்ச் 9 அதிகாலையில் முகமூடி அணிந்த கும்பல் ஒன்று சிறைக்குள் புகுந்தது. தாமஸ் மோஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் ஆகிய மூவரை வெளியே இழுத்துச் சென்று, நகருக்கு வெளியே ரயில்பாதை ஓரத்தில் சுட்டுக் கொன்றது. தம் மக்கள் மெம்பிஸை விட்டு மேற்கே போய்விட வேண்டும், இங்கே அவர்களுக்கு நீதி கிடையாது என்பதே மோஸின் கடைசி வார்த்தையாக இருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு கடை சூறையாடப்பட்டது. மிஞ்சிய சரக்கு ஏலத்துக்கு வந்தபோது, போட்டிக் கடைக்காரரே அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார். கொலைக்காக ஒருவர் கூடத் தண்டிக்கப்படவில்லை.

வெளியூர் சென்றிருந்த ஐடா திரும்பி வந்தபோது நண்பர்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். அதுவரை, கும்பல் கொலைகள் கொடூரமானவை என்றாலும் ஏதோ பெருங்குற்றம் செய்தவர்களைத்தான் கொல்கிறார்கள் என்று அவரும் ஓரளவு நம்பியிருந்தார். மோஸின் குணம் அவருக்குத் தெரியும். உழைத்து முன்னேறியதைத் தவிர அவர் வேறு எந்தக் குற்றமும் செய்யவில்லை. அப்படியானால் மற்றவர்கள்? இந்தக் கேள்விதான் ஐடாவின் வாழ்வை மாற்றியது.

கணக்கெடுக்கத் தொடங்கிய பேனா

மெம்பிஸை விட்டு வெளியேறுங்கள் என்று அவர் தம் பத்திரிகையில் மக்களுக்கு அறைகூவல் விடுத்தார். ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமா பக்கம் புறப்பட்டார்கள். இருந்தவர்கள் டிராமில் ஏறுவதை நிறுத்தினார்கள். சில வாரங்களிலேயே டிராம் நிறுவனத்தின் அதிகாரிகள், பயணிகளைத் திரும்ப வரச் சொல்லுமாறு கேட்டு ஐடாவின் அலுவலகத்துக்கே வந்து நின்றார்கள்.

அதே வேளையில் அவர் ஒவ்வொரு கும்பல் கொலையாக விசாரிக்க ஆரம்பித்தார். சம்பவ இடங்களுக்குச் சென்றார். நேரில் பார்த்தவர்களிடம் பேசினார். வெள்ளைப் பெண்களின் மானத்தைக் காக்கவே இந்தக் கொலைகள் நடக்கின்றன என்பது அக்காலத்தில் எல்லோரும் சொல்லி வந்த காரணம். முந்தைய எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேரின் கணக்கை ஐடா எடுத்துப் பார்த்தார். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அப்படியொரு குற்றச்சாட்டே சுமத்தப்பட்டிருந்தது. நிரூபிக்கப்பட்டது என்பது வேறு பேச்சு. மற்றவர்கள் திருட்டு, வாய்த்தகராறு, வெள்ளையரோடு வியாபாரப் போட்டி என்று ஏதேதோ காரணங்களுக்காகக் கொல்லப்பட்டவர்கள்.

1892 மே மாதம் இந்தப் பொய்யை உடைத்து ஒரு தலையங்கம் எழுதினார். அப்போது அவர் பிலடெல்பியா, நியூயார்க் பயணத்தில் இருந்தார். மெம்பிஸில் கும்பல் கூடி அச்சகத்தை அடித்து நொறுக்கியது. பங்குதாரர் உயிர் தப்பி ஓடினார். ஐடா திரும்பினால் கொலை செய்யப்படுவார் என்ற மிரட்டல் வந்தது. பத்திரிகையும் போயிற்று, வீடும் ஊரும் போயிற்று. தென் மாநிலங்களில் மீண்டும் கால் வைக்க அவருக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின.

அந்த ஆண்டு அக்டோபரில், நியூயார்க், புரூக்ளின் பகுதிகளைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் ஒன்றுகூடி அவருக்கு 500 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். கூடவே பேனா வடிவில் ஒரு தங்கப் பதக்கமும் அணிவித்தார்கள். அந்தப் பணத்தில் கும்பல் கொலைகள் குறித்த தம் முதல் சிறுநூலை அச்சிட்டார். 1895-ல் அதைவிட விரிவான ரெட் ரெக்கார்ட் வெளிவந்தது. கொல்லப்பட்டவர்களின் பெயர், நாள், ஊர், சுமத்தப்பட்ட குற்றம் என்று பட்டியல் பட்டியலாக அதில் தொகுத்தார். எண்ணிக்கையை அவர் எடுத்தது வெள்ளையர் நடத்திய சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகையிலிருந்து. கறுப்பினப் பெண் மிகைப்படுத்துகிறாள் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாதபடி, எதிர்த்தரப்பின் ஏட்டையே சாட்சியாக்கினார்.

1893-லும் 1894-லும் பிரிட்டனுக்குச் சென்று ஊர் ஊராகப் பேசினார். அமெரிக்கப் பருத்தியை வாங்கும் நாட்டில் பேசினால் தென் மாநில வணிகர்கள் காது கொடுப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. மெம்பிஸ் பத்திரிகைகள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசின. அவருடைய பேச்சு எங்கே சுடுகிறது என்பதை அதுவே காட்டியது.

குடும்பமும் பணியும்

1895-ல் சிகாகோ வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் பார்னெட்டை மணந்தார். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். 1898-ல் தென் கரோலினாவின் லேக் சிட்டியில் ஃப்ரேசியர் பேக்கர் என்ற கறுப்பின அஞ்சல் அதிகாரியும் அவருடைய கைக்குழந்தையும் கும்பலால் கொல்லப்பட்டபோது, ஐடா தம் சொந்தக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் சென்று அதிபர் மெக்கின்லியிடம் முறையிட்டார்.

1909-ல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் கெய்ரோ நகரில் ஒருவரைக் கும்பல் கொன்றது. கும்பல் கொலையைத் தடுக்கத் தவறும் ஷெரிப் பதவி இழப்பார் என்று அம்மாநிலத்தில் சட்டம் இருந்தது. பதவி இழந்த ஷெரிப் மீண்டும் பதவி கேட்டு ஆளுநரிடம் மனுச் செய்தார். எதிர்த்துப் பேச ஆள் வேண்டும். கணவர் ஐடாவைப் போகச் சொன்னார். ஆண்களின் வேலையில் தலையிடுவதாகத் தம் சமூகத்திலேயே ஏச்சு வாங்கிச் சலித்திருந்த ஐடா, முடியாது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். மூத்த மகன் வந்து எழுப்பி, அம்மா போகாவிட்டால் வேறு யார் போவார்கள் என்று கேட்டான். மறுநாள் அவர் புறப்பட்டார். கெய்ரோவில் உண்மைகளைத் திரட்டி, ஆளுநர் முன் தனியாக நின்று வாதாடினார். ஷெரிப்புக்குப் பதவி திரும்பக் கிடைக்கவில்லை. சட்டம் எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்துக்கொண்டு போய் நிற்க ஓர் ஆளும் வேண்டும் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது.

சட்டையில் குத்திய நினைவுச் சின்னம்

1917-ல் ஹூஸ்டன் நகரில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, ராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பில் 13 கறுப்பினப் படைவீரர்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். மேல்முறையீட்டுக்கு அவகாசமே தரப்படவில்லை. அவர்களுக்காக ஒரு நினைவுக் கூட்டம் நடத்த ஐடா விரும்பினார். எந்த தேவாலயமும் இடம் தர முன்வரவில்லை. எல்லோருக்கும் பயம். கூட்டத்துக்கு இடம் இல்லை என்றானதும், அவர்களின் நினைவைச் சொல்லும் சட்டைப் பொத்தான்களைச் செய்து விநியோகித்தார். அரசின் உளவுத் துறையினர் தேடி வந்து, தேசத்துரோகக் குற்றம் பாயும் என்று எச்சரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. அந்த விசாரணைகள் நியாயமாக நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு அமெரிக்க ராணுவமே அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது 2023-ல். நூறாண்டுக்கு மேல் கழிந்த பிறகு.

1919-ல் ஆர்கன்சா மாநிலத்தின் எலெய்ன் பகுதியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த 12 பேருக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஐடா அவர்களுக்காக எழுதினார், நிதி திரட்டினார். கைதிகளின் உறவினர் போலச் சிறைக்குள் சென்று வாக்குமூலம் பெற்றார். பல ஆண்டு சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 12 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

1931 மார்ச் 25 அன்று, 68 வயதில், சிறுநீரக நோயால் ஐடா காலமானார். எழுதிக்கொண்டிருந்த தன்வரலாறு முடியாமலே நின்றது. அவருடைய மகள் அல்ஃப்ரெடா பதிப்பாளர்களைத் தேடித் தேடி, 1970-ல் அதை வெளிக்கொண்டு வந்தார்.

நகரங்கள் கடனைத் தீர்க்கும் காலம்

கும்பல் கொலைகளுக்கு எதிராக நாடு தழுவிய சட்டம் வேண்டும் என்று ஐடா தம் வாழ்நாள் முழுவதும் கேட்டார். அப்படியொரு சட்டம் 2022 மார்ச் 29 அன்றுதான் கையெழுத்தானது. அந்த நிகழ்ச்சியில் அவருடைய கொள்ளுப்பேத்தி உரையாற்றினார். 2020-ல் பத்திரிகைத் துறையின் உயரிய புலிட்சர் அமைப்பு அவருக்கு மறைவுக்குப் பின் சிறப்பு விருது அளித்தது. 2021 ஜூன் மாதம் சிகாகோவில் சிற்பி ரிச்சர்ட் ஹன்ட் வடித்த நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த மாதம், அவருடைய பிறந்த நாளில், மெம்பிஸ் நகரின் பீல் தெருவில் அவருடைய சிலை நிறுவப்பட்டது. திரும்பி வந்தால் கொல்வோம் என்று மிரட்டி விரட்டிய அதே நகரம்.

கும்பல் கொலைக்கு ஆளானவர்களுக்கு நினைவிடம் அமைக்கும் முயற்சி மாண்ட்கோமரிக்கு முன்பே தொடங்கிவிட்டது. மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் 1920-ல் சர்க்கஸ் தொழிலாளர்களான எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ என்ற மூன்று இளைஞர்கள் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் தூக்கில் தொங்கவிடப்பட்டார்கள். அவர்கள் கொல்லப்பட்ட இடத்துக்கு எதிரே 2003-ல் அந்நகர மக்களே நினைவிடம் எழுப்பினார்கள்.

பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்ற கேள்வி இத்தகைய இடங்களில் எழாமல் இருப்பதில்லை. ஐடாவின் வாழ்க்கையே அதற்குப் பதில். கும்பல் ஒரு மனிதனை இரண்டு முறை கொல்கிறது. முதலில் உயிரைப் பறிக்கிறது. பிறகு அவன் குற்றவாளி என்ற பழியை அவன் பெயரின் மேல் போட்டு, அந்தப் பெயரையும் புதைக்கிறது. பழியோடுதான் பிள்ளைகள் வளர வேண்டியிருக்கிறது. தாமஸ் மோஸின் மகளுக்கு, தன் தந்தை நேர்மையான தபால்காரர், உழைப்பாளி என்று ஊரறியச் சொல்ல யாராவது வேண்டும். ஐடா அதைச் சொன்னார்.

மாண்ட்கோமரி நினைவிடத்துக்கு வெளியே, ஒவ்வொரு மாவட்டத்தின் பாளத்துக்கும் ஒரு மறுபிரதி செய்து தரையில் கிடத்தி வைத்திருக்கிறார்கள். அந்தந்த மாவட்டம் தன் வரலாற்றை ஏற்று, அதை எடுத்துச் சென்று தன் மண்ணில் நிறுவட்டும் என்பது நோக்கம். கொலை நடந்த இடங்களிலிருந்து மக்கள் தம் கையால் அள்ளி வந்த மண், பெயர் எழுதிய கண்ணாடிச் சாடிகளில் அதே நகரின் அருங்காட்சியகத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்தின் மண்ணும் ஒவ்வொரு நிறம்.

எஃகும் கல்லும் பிறகு வந்தவை. அதற்கு நூறாண்டுக்கும் முன்பே, அச்சகம் இழந்து, ஊர் இழந்து, ஒரு பெண் காகிதத்தில் பெயர்களை வரிசையாக எழுதி வைத்தார். நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது, நினைவிடத்தின் உயரத்தைச் சொல்வதோடு அந்தக் காகிதத்தையும் சேர்த்துச் சொல்வோம். அநியாயம் நடந்த நாளில் பெயரையும் தேதியையும் உண்மையையும் பிழையின்றிக் குறித்து வைக்க, பதினாறு வயதில் குடும்பத்தைத் தாங்கிய ஒரு பள்ளி ஆசிரியையால் முடிந்தது என்பதையும் சொல்வோம்.